ஸ்டீராய்டு போட்டுக்கொண்டு ரத்தம் கொடுத்தால் சரியாகிவிடுமா?

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுத்துடு தம்பி, ஒண்ணும் ஆகாது." கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி பக்கம் ஜிம்முக்குப் போகிற இளைஞர்கள் இந்த யோசனையை ஏதாவது ஒரு வடிவில் கேட்டிருப்பார்கள். சொல்கிறவர் பெரும்பாலும் ஆணழகன் போட்டிக்குப் போய்வந்த ஓர் அண்ணனாக இருப்பார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஊசி போட்டால் ரத்தம் கெட்டியாகும், கொஞ்சம் எடுத்துவிட்டால் இளகிவிடும், பழசு போய்ப் புதுசு ஊறும், போகிற போக்கில் ஓர் உயிரைக் காப்பாற்றிய புண்ணியமும் சேரும் என்பது அவர் கணக்கு.

ரத்தம் கெட்டியாகும் என்பது உண்மை. எடுத்தால் இளகும் என்பது பாதி உண்மை. மற்றதெல்லாம் தவறு.

எந்த ஸ்டீராய்டு?

ஸ்டீராய்டு என்ற ஒரே பெயரில் இரண்டு வகை மருந்துகள் புழங்குகின்றன. ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் எழுதித்தரும் பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன் போன்றவை கார்ட்டிகோஸ்டீராய்டுகள். அவை உடம்பின் அழற்சியை அடக்குபவை. தசையை வளர்க்காது, நீண்ட நாள் எடுத்தால் கரைக்கவே செய்யும். நாம் பேசப்போவது அவற்றைப் பற்றி இல்லை.

அனபாலிக் ஸ்டீராய்டு என்றால் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனும், அதைப் பின்பற்றி ஆய்வகத்தில் உருவாக்கிய மருந்துகளும். 1935-இல் டெஸ்டோஸ்டிரோனைச் செயற்கையாகத் தயாரித்த பூட்டெனான்ட், ருஷிச்கா இருவருக்கும் 1939-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஜிம்மில் டெஸ்டோ, டெகா, ஸ்டானோ என்று சுருக்கிச் சொல்வது இந்தக் குடும்பத்தைத்தான். மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது. புரோட்டீன் பவுடரும் கிரியாட்டினும் இதில் சேர்த்தி இல்லை. வீட்டில் பவுடர் டப்பாவைப் பார்த்ததும் "பையன் ஸ்டீராய்டு சாப்பிடுகிறான்" என்று பதறும் பெற்றோர் அந்த அளவுக்கு நிம்மதியாக இருக்கலாம். டப்பாவுக்குள் கலப்படம் இருக்கிறதா என்பது தனிக் கதை.

மடை திறந்திருக்கும் வயல்

நட்ட வயலில் தண்ணீர் அளவுக்கு மேல் நின்றால் வரப்பில் ஒரு பக்கம் வெட்டி வடிய விடுவோம். ஆனால் அதற்கு முன் வாய்க்கால் மடையை அடைப்போம். மடை திறந்தபடி இருக்க, வரப்பை மட்டும் வெட்டினால் என்ன ஆகும்? வடிய வடிய நிரம்பும். முந்தாநாள் போட்ட யூரியாவும் வடிகிற தண்ணீரோடு போகும். அந்தத் தண்ணீர் போய் நிற்பது கீழ்வயல்காரர் நிலத்தில்.

ஸ்டீராய்டு போட்டுக்கொண்டே ரத்தம் கொடுப்பதும் இதுதான். ஸ்டீராய்டு திறந்த மடை, ரத்ததானம் வெட்டிய வரப்பு. யூரியாவுக்கும் கீழ்வயல்காரருக்கும் பிறகு வருவோம். முதலில் மடைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம்.

ரத்தத்தில் பாதிக்குச் சற்று அதிகமாக இருப்பது பிளாஸ்மா என்ற மஞ்சள் நிறத் திரவம். மீதியில் பெரும்பகுதி சிவப்பணுக்கள். மொத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் இடத்தை அடைத்திருக்கின்றன என்பதைச் சொல்லும் எண்ணுக்கு ஹெமட்டோகிரிட் என்று பெயர். லேப் ரிப்போர்ட்டில் பி.சி.வி. என்றோ எச்.சி.டி. என்றோ இருக்கும். ஆண்களுக்குச் சுமாராக 40 முதல் 50 வரை இயல்பு. சிவப்பணுவுக்குள் இருந்துகொண்டு ஆக்சிஜனைச் சுமக்கும், இரும்பு கலந்த புரதம்தான் ஹீமோகுளோபின்.

சிவப்பணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன. எவ்வளவு வேண்டும் என்று மஜ்ஜைக்குச் சொல்வது சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோன். டெஸ்டோஸ்டிரோன் உடம்பில் ஏறியதும் இந்த ஹார்மோனைக் கூட்டுகிறது. மஜ்ஜையை நேரடியாகவும் தூண்டுகிறது. மூன்றாவதாக, ஹெப்சிடின் என்ற ஈரல் ஹார்மோனை அடக்குகிறது. குடலிலிருந்தும் சேமிப்பிலிருந்தும் இரும்பு ரத்தத்துக்குள் வருவதைக் கட்டுப்படுத்தி வைப்பது ஹெப்சிடின். அது அடங்கிவிட்டால் இரும்பு தாராளமாக வெளியே வரும். உத்தரவும் கூடுகிறது, மூலப்பொருளும் தாராளமாகக் கிடைக்கிறது. சிவப்பணுக்கள் பெருகாமல் என்ன செய்யும்?

"ஒரிஜினல் மருந்து போட்டால் ரத்தம் கெட்டியாகாது, டூப்ளிகேட்தான் பிரச்சினை" என்று ஒரு பேச்சு உண்டு. சிவப்பணுவைக் கூட்டுவது இந்த மருந்தின் குணமே. சிறுநீரகம் செயலிழந்து ரத்தசோகை வந்தவர்களுக்கு நாண்ட்ரோலோன், அதாவது இவர்கள் சொல்கிற அதே டெகா, ஒருகாலத்தில் சிகிச்சையாகவே கொடுக்கப்பட்டது. செயற்கை எரித்ரோபொய்ட்டின் 1989-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று வந்தபிறகுதான் அந்தப் பழக்கம் குறைந்தது. மருந்து ஒரிஜினலாக இருந்தால் சிவப்பணு இன்னும் ஒழுங்காகவே கூடும்.

ஹெமட்டோகிரிட் 50-ஐத் தாண்டி ஏற ஏற ரத்தத்தின் பிசுபிசுப்பு வேகமாகக் கூடுகிறது. சிறு குழாய்களில் ஓட்டம் மந்தமாகிறது, இதயம் கூடுதல் அழுத்தத்தோடு தள்ள வேண்டியிருக்கிறது, உறைகட்டி உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. டெஸ்டோஸ்டிரோன் குறைபாட்டுக்காக மருத்துவர் கண்காணிப்பில் அதை எடுப்பவர்களுக்கு ஒரு கோடு போட்டிருக்கிறார்கள்: 54 சதவீதம். அதைத் தொட்டால் மருந்தை நிறுத்தி, எண் இறங்கும்வரை பொறுத்து, பிறகு குறைந்த அளவில் தொடங்க வேண்டும். ரத்தத்தை எடுத்துவிட்டு அதே அளவைத் தொடருங்கள் என்று அந்த வழிகாட்டுதல் சொல்லவில்லை. முதலில் மடையைத்தான் அடைக்கச் சொல்கிறது.

சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டி, தண்ணீர் குடிக்காமல் போய்ப் பரிசோதனை செய்தாலும் இந்த எண் ஏறித் தெரியும். சிவப்பணு கூடியதால் அல்ல, பிளாஸ்மா வற்றியதால். போட்டிக்கு முன் உடம்பில் தண்ணீரை வற்றவைக்கிறவர்களுக்கு, அதற்காக மாத்திரை வேறு போடுகிறவர்களுக்கு, இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். ஏற்கெனவே கெட்டியான ரத்தம் அன்று இன்னும் கெட்டியாகும். மேடையிலேயே மயங்கி விழுகிறவர்களைப் பற்றிக் கேள்விப்படும்போது இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: அனபாலிக் ஸ்டீராய்டு மஜ்ஜையை முடுக்கிச் சிவப்பணுக்களைக் கூட்டுகிறது, எவ்வளவு கூடியது என்று காட்டுவது ஹெமட்டோகிரிட், 54 என்பது மருத்துவர்களே மருந்தை நிறுத்தும் எல்லை.

ஒரு பை எடுத்தால் எவ்வளவு குறையும்?

80 கிலோ எடையுள்ள ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 70 மில்லி என்ற பொதுக் கணக்கில் அவர் உடம்பில் சுமார் 5,600 மில்லி ரத்தம் இருக்கும். ஹெமட்டோகிரிட் 56. நம் ஊர் ரத்த வங்கியில் 350 அல்லது 450 மில்லி எடுப்பார்கள். 350 என்றே கொள்வோம். மொத்தத்தில் அது 6.25 சதவீதம். போன திரவத்தைப் பிளாஸ்மா ஓரிரு நாளில் ஈடுகட்டிவிடும். அப்போது ஹெமட்டோகிரிட் ஏறக்குறைய 52.5-க்கு இறங்கியிருக்கும். 450 எடுத்திருந்தால் 51.5. குறைந்தது உண்மைதான். ஆனால் அப்போதும் அது இயல்பான அளவு இல்லை.

அதற்குப் பிறகு? ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். எனவே மஜ்ஜை சாதாரணமாகவே தினமும் ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகப் புதிய அணுக்களைச் செய்துகொண்டே இருக்கிறது. ரத்த இழப்பு என்ற தூண்டுதலும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் வேகம் கூடும். போன ஆறு சதவீதம் சில வாரங்களில் திரும்பிவிடும். இந்தியாவில் ஆண்கள் ஒருமுறை கொடுத்தபின் அடுத்த தானத்துக்கு 90 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 90 நாளில் பெரும்பகுதியை அவர் பழைய கெட்டி ரத்தத்தோடுதான் கழிப்பார். மருத்துவ அளவில் டெஸ்டோஸ்டிரோன் எடுத்தபடி தானமும் செய்தவர்களைப் பற்றிக் கனடாவில் 2017-இல் வெளியான ஆய்விலும், திரும்பத் திரும்பக் கொடுத்தும் கணிசமானவர்களுக்கு எண் 54-க்குக் கீழே நிற்கவில்லை. ஜிம்மில் ஏற்றும் அளவு அதைப்போல் பல மடங்கு.

சிலர் இதற்கும் வழி கண்டுபிடிக்கிறார்கள். இந்த மாதம் கும்பகோணத்தில், அடுத்த மாதம் தஞ்சாவூரில், அதற்கடுத்து ஏதோ ஒரு தலைவரின் பிறந்தநாள் முகாமில். இடைவெளியை ஏமாற்றுகிறவர் ரத்த வங்கியை ஏமாற்றியதாக நினைத்துக்கொள்கிறார். ஆனால் கடன் அவர் உடம்பில் ஏறுகிறது.

தண்ணீரோடு போகிற உரம்

அந்தக் கடன் இரும்பு. ஒரு கிராம் ஹீமோகுளோபினில் சுமார் 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஹீமோகுளோபின் 14 (100 மில்லி ரத்தத்தில் 14 கிராம்) உள்ள சாதாரண மனிதர் 350 மில்லி கொடுத்தால் ஏறக்குறைய 167 மில்லிகிராம் இரும்பு போகும். ஸ்டீராய்டால் ஹீமோகுளோபின் 18-க்கு ஏறியவர் அதே பையைக் கொடுத்தால் 214 மில்லிகிராம். ரத்தம் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு இரும்பு இழப்பு. உணவிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வது நாளுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். அதிலும் சுமார் ஒரு மில்லிகிராம் அன்றாட இழப்புக்கே போய்விடும். சோறு, சாம்பார், கீரை என்று சாப்பிடுகிறவர்களுக்குச் செடிகளில் உள்ள இரும்பு சுலபத்தில் ஒட்டாது. சாப்பிட்ட கையோடு ஒரு டிகிரி காபி குடித்தால் இன்னும் குறைவு. (கும்பகோணத்துக்காரர்களிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும்.)

உடம்பில் சேமித்து வைத்திருக்கும் இரும்பின் அளவைக் காட்டும் பரிசோதனை ஃபெரிட்டின். தானத்துக்கு முன் விரலில் குத்திப் பார்ப்பது ஹீமோகுளோபினை மட்டும்தான். ஃபெரிட்டினைப் பார்க்க மாட்டார்கள். இங்கேதான் ஸ்டீராய்டு ஒரு கண்கட்டு வேலை செய்கிறது. ஹெப்சிடினை அடக்கிச் சேமிப்பிலிருந்து இரும்பை இழுத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பதால், சேமிப்பு காலியாகும்வரை ஹீமோகுளோபின் 16, 17 என்று பெருமையாகவே நிற்கும். "ரத்தம் நல்லா ஊறுது தம்பி உனக்கு" என்று பாராட்டும் கிடைக்கும். உள்ளே ஃபெரிட்டின் தரைதட்டியிருக்கும்.

இரும்பு குறைந்தால் ரத்தசோகை வருவதற்கு முன்பே களைப்பு வரும், எடை தூக்கும் தெம்பு குறையும், படியேறினால் மூச்சு வாங்கும், சிலருக்கு இரவில் கால் நிலைகொள்ளாது. இதை "டோஸ் பத்தலை" என்று எடுத்துக்கொண்டு ஊசியைக் கூட்டுகிறவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், இரும்பு மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். மஜ்ஜைக்கு மூலப்பொருள் கிடைத்ததும் ஹெமட்டோகிரிட் மறுபடி ஏறுகிறது. மறுபடி ரத்தம் கொடுக்கிறார்கள். செக்குமாடு மாதிரி ஒரே வட்டம்.

சுருக்கமாக: ஒரு தானம் எண்ணைச் சில வாரம் இறக்குகிறது, மருந்து அதைத் திரும்ப ஏற்றுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் இரும்பு போகிறது, அது ஹீமோகுளோபினில் தெரியாமல் போகிறது.

ரத்தப் பையில் ஏறாத சேதம்

இந்த யோசனையின் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. கெட்டி ரத்தம் ஸ்டீராய்டு செய்யும் பல வேலைகளில் ஒன்று, அவ்வளவுதான். நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். சரிந்து, கெட்ட கொழுப்பு ஏறுகிறது. ரத்த அழுத்தம் கூடுகிறது. இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்து, நாள்பட இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் குறையலாம். ஸ்டானோசோலோல், மெத்தாண்டியனோன் போன்ற மாத்திரைகள் ஈரலைப் பாதிக்கும். வெளியிலிருந்து ஹார்மோன் வருவதைப் பார்த்ததும் மூளை விரைகளுக்கு உத்தரவு அனுப்புவதை நிறுத்திவிடும். விரைகள் சுருங்கும், விந்தணு எண்ணிக்கை பூஜ்யம் வரை போகலாம். கல்யாணமாகிக் குழந்தை இல்லையென்று மனைவியை மட்டும் கோயில் கோயிலாகவும் டாக்டர் டாக்டராகவும் அலையவிடும் குடும்பங்களில், கணவனின் பழைய ஊசிக் கதையை யாரும் கேட்பதில்லை.

இவற்றில் எதையும் ரத்தப் பை எடுத்துப்போகாது. பை நிரம்பியதும் பி.சி.வி. மட்டும் மூன்று நான்கு புள்ளி இறங்கும். ரிப்போர்ட்டைப் பார்த்து மனம் நிம்மதியாகிவிடும். அந்த நிம்மதியை நான் கெட்டி ரத்தத்தைவிட மோசமானதாக நினைக்கிறேன்.

மருத்துவர் கண்காணிப்பில், அளவோடு டெஸ்டோஸ்டிரோன் எடுத்த ஆயிரக்கணக்கான நடுவயது, முதிய ஆண்களை வைத்து 2023-இல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. மாரடைப்பும் பக்கவாதமும் அவர்களுக்குக் கூடவில்லை. அது நல்ல செய்தி. ஆனால் நுரையீரல் குழாயில் உறைகட்டி அடைப்பதும் இதயத் துடிப்பு தாறுமாறாவதும் ஓரளவு கூடுதலாகவே இருந்தன. அளந்து கொடுத்த மருந்தே இப்படி.

தானம் செய்பவர்களுக்கு மாரடைப்பு குறைவாமே?

இந்த நம்பிக்கைக்கு ஓர் அடிப்படை உண்டு. உடம்பில் இரும்பு குறைவாக இருப்பது இதயத்துக்கு நல்லதாக இருக்கலாம் என்று 1981-இல் ஜெரோம் சல்லிவன் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு கருத்தை முன்வைத்தார். பிறகு வந்த சில கணக்கெடுப்புகளில் ரத்ததானம் செய்பவர்களுக்கு இதயநோய் குறைவாகத் தெரிந்தது. ஆனால் தானம் செய்ய யாரை அனுமதிக்கிறார்கள்? எடை, ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம் எல்லாம் சரியாக இருப்பவர்களை மட்டும். நோயாளிகளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, உள்ளே வந்தவர்களெல்லாம் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று வியப்பதில் பொருளில்லை. கால் ரத்தக் குழாய் அடைப்பு உள்ளவர்களிடம் திட்டமிட்டு ரத்தம் எடுத்துப் பார்த்த ஆய்வு 2007-இல் வெளியானது. மொத்தத்தில் இறப்பு குறையவில்லை.

கீழ்வயல்காரர்

அந்தப் பையை வாங்கிக்கொள்பவர் பிரசவத்தில் ரத்தம் இழந்த பெண்ணாக இருக்கலாம், விபத்தில் அடிபட்டவராக இருக்கலாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தினம் எத்தனை ஊர்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கொடுத்த ரத்தத்தில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஐந்தையும் கட்டாயம் சோதிப்பார்கள். ஆனால் கிருமி உடம்பில் புகுந்தபின் சோதனையில் அகப்படாத சில நாள்கள் அல்லது வாரங்கள் உண்டு. அதற்குச் சாளரக் காலம் என்று பெயர். அந்த இடைவெளியில் கொடுத்த ரத்தம் சோதனையில் தேறிவிடும், வாங்கியவருக்குத் தொற்றைக் கொடுத்துவிடும். எனவேதான் ஊசி, மருந்து பற்றித் தானப் படிவத்தில் கேட்கிறார்கள். "நான் நரம்பில் போடவில்லை, சதையில்தான்" என்பது பதில் ஆகாது. ஒரே குப்பியை நண்பர்கள் நான்கு பேர் பகிர்ந்துகொண்டால், பழைய ஊசி ஒருதரம் உள்ளே போயிருந்தால், சதையில் போட்டாலும் ஹெபடைடிஸ் பி வரும்.

இன்னொன்று. ஸ்டீராய்டால் முகப்பரு வந்தால் ஐசோட்ரெட்டினாயின், முடி கொட்டினால் ஃபினாஸ்டரைடு என்று துணை மாத்திரைகள் போடுகிறார்கள். இரண்டும் கருவில் உள்ள குழந்தைக்குக் கேடு செய்யக்கூடியவை. அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம் என்பதால், இவற்றை நிறுத்தி ஒரு மாதமாவது ஆகாமல் ரத்தம் கொடுக்கக் கூடாது. முகாமில் நண்பர்கள் சூழ்ந்து நிற்கும்போது இதையெல்லாம் சொல்லக் கூச்சமாக இருந்தால், மருத்துவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லலாம். "இன்னைக்கு பி.பி. சரியில்லையாம்" என்று வெளியே வந்துவிடலாம். யாரும் தோண்டிக் கேட்கப்போவதில்லை.

எண் ஏறிவிட்டது, இப்போது என்ன செய்வது?

மருத்துவரிடம் போக வேண்டும், போட்டதைப் போட்டபடி சொல்ல வேண்டும். திட்டுவார் என்று பயந்து மறைத்தால், அவர் வேறு நோயைத் தேடி உங்கள் காசைக் கரைப்பார். குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும், புகைபிடிப்பதும்கூட ஹெமட்டோகிரிட்டை ஏற்றும். பாலிசைதீமியா வேரா என்ற மஜ்ஜை நோயும் அப்படித்தான் தொடங்கும். ரத்தம் கொடுத்துக் கொடுத்து எண்ணை மறைத்துக்கொண்டிருந்தால் அந்த நோய் தாமதமாகவே தெரியவரும். முழு ரத்தப் பரிசோதனையோடு ஃபெரிட்டின், கொழுப்பு, ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்வார். ஈரல் பரிசோதனையில் வரும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் கடும் உடற்பயிற்சியாலேயே ஏறும் என்பதால், முந்தின நாள் கால் பயிற்சி செய்ததையும் மறக்காமல் சொல்லுங்கள்.

சில நோய்களில் மருத்துவரே ரத்தம் எடுத்துவிடச் சொல்வதுண்டு. அது சிகிச்சை, எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று ரிப்போர்ட்டைப் பார்த்து அவர் தீர்மானிப்பார், எடுத்த ரத்தம் பொதுவாக அப்புறப்படுத்தப்படும்.

ஊசியை நிறுத்தினால் கெட்டி ரத்தம் தானாக இறங்கும். சிவப்பணுவின் ஆயுள் 120 நாள் என்பதால் சில மாதம் பிடிக்கும். நிறுத்தியபின் சொந்த ஹார்மோன் திரும்ப நாளாகும். அந்த இடைவெளியில் சோர்வும் மனச்சோர்வும் கடுமையாக வரலாம். பலர் மீண்டும் ஊசிக்குப் போவது இந்தக் கட்டத்தில்தான். எனவே தனியாக நிறுத்தாமல், தஞ்சாவூரிலோ திருச்சியிலோ உள்ள நாளமில்லாச் சுரப்பி மருத்துவரின் துணையோடு நிறுத்துவது நல்லது. நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, பேச்சு குழறுவது, முகம் ஒரு பக்கம் கோணுவது என்று எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஊசி போடாமல் ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு இதில் எந்தத் தடையும் இல்லை. 18 வயது நிரம்பி, எடை 45 கிலோவும் ஹீமோகுளோபின் 12.5-உம் இருந்தால், ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறையும் தாராளமாகக் கொடுக்கலாம். கொடுத்த அன்று தண்ணீர் நிறையக் குடித்துவிட்டு, ஊசி ஏறிய கையால் எடை தூக்காமல் இருந்தால் போதும். மறுநாள் வழக்கம்போல் ஜிம்முக்குப் போகலாம்.